கண்ணுக்குத் தெரியாத பெட்டிக்கும் மார்க் போடுங்க

போன செமஸ்டர் மினி ப்ராஜெக்ட் ரிவ்யூ. நாலு பேர் சேர்ந்து கோடோ எஞ்சின்ல ஒரு 3டி கேம் பண்ணியிருந்தோம். கோயில் மண்டபம், தூண், தெப்பக்குளம்னு ப்ளெண்டர்ல ரெண்டு மாசம் உட்கார்ந்து செய்த மாடல்கள். எக்ஸ்டர்னல் சார் கீபோர்டை வாங்கி நாலு அடி நடந்தார். அஞ்சாவது அடியில ஹீரோ தரைக்குள்ள இறங்கி, விழுந்துக்கிட்டே இருந்தான். "என்னப்பா, பாதாள லோகமும் கேம்ல உண்டா?" என்று கேட்டார். எல்லாரும் சிரிச்சாங்க. அடுத்த வாரம் திரும்பக் காட்டச் சொல்லி அனுப்பிட்டாங்க.

தரை அங்கே இருந்தது, பார்க்கவும் அழகா இருந்தது. ஆனா அந்த மூலைக்கு மட்டும் கொலிஷன் ஷேப் போட மறந்துட்டோம்.

இதுல அடிப்படை விஷயம் ஒண்ணுதான். நாம பார்க்கிற மெஷ் வேற, எஞ்சின் மோதிப் பார்க்கிற வடிவம் வேற. ஸ்டாட்டிக் பாடி மாதிரி ஒரு நோடும் அதுக்குக் கீழே ஒரு கொலிஷன் ஷேப்பும் இல்லேன்னா, கருங்கல் மண்டபமும் எஞ்சினுக்கு வெறும் காத்துதான். பாடி வச்சிட்டு ஷேப் போட மறந்தாலாவது கோடோ மஞ்சள் முக்கோணம் காட்டி எச்சரிக்கும். வெறும் மெஷ்ஷை மட்டும் வச்சுட்டா அதுவும் காட்டாது. எங்களுக்கு நடந்தது அதுதான்.

"அதுக்குத்தான் எஞ்சின்லயே பட்டன் இருக்கே மச்சி, ஒரு க்ளிக்ல ஷேப் வந்துடுமே" என்பாங்க. பட்டன் இருக்கு, நானும் அழுத்தியிருக்கேன். நகராத தரைக்கும் சுவருக்கும் மெஷ்ஷோட முக்கோணங்களை அப்படியே எடுத்துக்கிற ட்ரைமெஷ் நல்லாவே வேலை செய்யும். ஆனா அது உள்ளே கூடு, வெறும் தோல் மாதிரி. உருண்டு ஓடுற பொருளுக்கு அதைப் போடக் கூடாது. சரின்னு கான்வெக்ஸ் பட்டனை அழுத்தினா வேற சிக்கல். உளுந்து வடையை விறைப்பான பேப்பர்ல இறுக்கிச் சுத்தின மாதிரி, பள்ளமும் ஓட்டையும் மூடிக்கும். எங்க கேம்ல பூவைப் பறிச்சுக் கூடையில போடணும். கான்வெக்ஸ் போட்டதும் கூடை வாய் அடைஞ்சு, பூவெல்லாம் விளிம்புக்கு மேல அந்தரத்துல நின்னுச்சு. கடைசியில அடிக்கு ஒண்ணு, சுத்தி நாலுன்னு அஞ்சு பெட்டி வச்சதும் சரியாச்சு. வட்டக் கூடைக்குள்ள சதுரப் பெட்டி இருக்குன்னு விளையாடினவங்க யாரும் கண்டுபிடிக்கல.

அதாவது, எந்தப் பொருளுக்கு எந்த வடிவம் என்பது ஒரு முடிவு. அதை பட்டன் எடுக்காது, நாமதான் எடுக்கணும். ஹீரோவுக்குப் பெட்டி போட்டா அதன் மூலை படிக்கட்டு விளிம்புல இடிச்சு நிக்கும். காப்ஸ்யூல் போட்டா அடிப்பக்கம் உருண்டையா இருக்கிறதால வழுக்கிக்கிட்டு ஏறும். திரை முழுக்க குண்டு மழை பொழியுற ஜப்பானிய ஷூட்டர் கேம்கள்ல, ஆள் பெருசாத் தெரிஞ்சாலும் அடிபடுற இடம் நடுவுல ஒரு சின்னப் புள்ளிதான். அதனாலதான் 'அப்பாடா, மயிரிழையில தப்பிச்சேன்'னு தோணுது. காசு பொறுக்குற கேம்னா தலைகீழ்: காசோட படத்தைவிட அதன் எல்லையைக் கொஞ்சம் பெருசா வைப்பாங்க. கேம் நியாயமா இருக்கா, எரிச்சல் மூட்டுதா என்பதே பாதி இங்கேதான் முடிவாகுது.

சுவரோட தடிமனும் அப்படித்தான். கோடோ வழக்கமா ஒரு நொடிக்கு 60 தடவை மோதல் கணக்குப் போடும். நொடிக்கு 30 மீட்டர் வேகத்துல போற கல், ரெண்டு கணக்குக்கு நடுவுல அரை மீட்டர் தாண்டிடும். 10 செ.மீ. சுவர் என்றால் கல் இந்தப் பக்கம் இருந்துட்டு, அடுத்த கணக்குல அந்தப் பக்கம் இருக்கும். சுவர் குறுக்கே இருந்ததே தெரியாது. கண்ணுக்குத் தெரியாத வடிவத்தை வெளிப்பக்கமா ஒரு மீட்டர் தடிமனுக்கு வச்சா, இந்தத் தொல்லை பெருமளவு தீரும்.

ஆனா இதையெல்லாம் நம்ம கேம்பஸ்ல எப்போ பண்றோம்? சப்மிஷனுக்கு முந்தின ராத்திரி. யார் பண்றாங்க? வேற வேலை கிடைக்காதவங்க.

எங்க டீம்ல அது ஒரு பொண்ணு தலையில விழுந்தது. அந்த ஒரு வாரம் மண்டபத்துல தூண் தூணா, படி படியா ஷேப் போட்டா. ஒரு தூணை டூப்ளிகேட் பண்ணி, ஒண்ணோட ஷேப் அளவை மாத்தினா எல்லாத் தூணும் சேர்ந்து மாறுது. ரிசோர்ஸ் பொதுவா இருக்கு, அதைத் தனியாப் பிரிக்கணும்னு ராத்திரி ரெண்டு மணிக்குக் கண்டுபிடிச்சா. மறுபடி ரிவ்யூ நடந்தப்போ ஹீரோ எங்கேயும் விழல, எதுலயும் சிக்கல. அவ செஞ்ச வேலையோட வெற்றியே எதுவும் நடக்காததுதான். "நீ என்னம்மா பண்ணினே?" என்றார் சார். "கொலிஷன் சார்." "அது சரி... மாடலிங் யாரு?"

சாரை மட்டும் குறை சொல்ல முடியாது. ரிப்போர்ட்ல அவ பேருக்கு நேரா 'டெஸ்டிங்' என்று டைப் பண்ணினதே நான்தான். எங்க நாலு பேர்ல குறைஞ்ச மார்க் அவளுக்கு.

அதனால இந்த செமஸ்டர் கேம் பண்றவங்களுக்குச் சொல்றேன். முதல் வாரத்துல வெறும் சாம்பல் நிறப் பெட்டிகளும் காப்ஸ்யூலும் வச்சு நடந்து, குதிச்சு, மோதிப் பாருங்க. அது சரியா வந்த பிறகு ப்ளெண்டரைத் திறங்க. ரிவ்யூல ஒரு நிமிஷம் டீபக் மெனுவில 'விசிபிள் கொலிஷன் ஷேப்ஸ்' ஆன் பண்ணிக் காட்டுங்க. மண்டபத்துக்கு மேல அந்தக் கோட்டு வடிவங்கள் தெரியும்போதுதான், இதுக்குப் பின்னால ஒரு ஆள் உட்கார்ந்து யோசிச்சிருக்காங்கன்னு பார்க்கிறவங்களுக்குப் புரியும்.

அப்புறம் ரிப்போர்ட்ல அந்த வேலையை அதன் பேர்லயே எழுதுங்க. நாங்க இந்தத் தடவை எழுதிட்டோம்.