பள்ளிப் பையில் வால்நட்... வற்றிய ஓடையில் தண்ணீர்!

ஜூன் 5-ம் தேதி பள்ளிகளில் நடக்கும் காட்சி எல்லோருக்கும் தெரியும். ஒரு குழி, ஒரு மரக்கன்று, சுற்றி நிற்கும் பிள்ளைகள், ஒரு போட்டோ. அடுத்த வருடம் அதே குழியில் இன்னொரு கன்று. போன வருடம் வைத்த கன்று என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்ட ஓர் ஊர் இமயமலையில் இருக்கிறது. அங்கே பள்ளிப் பிள்ளைகளும் அவர்களின் அம்மாக்களும் கைகொடுத்து வளர்த்த கன்றுகள், இன்று காடாக நிற்கின்றன.

ஊரின் பெயர் உஃப்ரேன்கால். உத்தராகண்ட் மாநிலம், பௌரி கட்வால் மாவட்டம். பக்கத்தில் தூதாதோளி மலைத்தொடர். ஜிம் கார்பெட் தேசியப் பூங்கா வழியாக ஓடும் ராம்கங்கை ஆறு பிறப்பது இந்த மலையில்தான்.

கோடரி வந்த நேரம்

1970-களில் இந்த மலைப்பகுதி உத்தரப் பிரதேசத்தில் இருந்தது. மரம் வெட்ட வந்தவர்களை, மரங்களைக் கட்டிப்பிடித்துத் தடுக்கும் 'சிப்கோ' இயக்கம் 1973-ல் இங்கேதான் பிறந்தது. அந்த இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவரான சண்டி பிரசாத் பட்டிடம் பாடம் கற்ற இளைஞர், சச்சிதானந்த பாரதி. கோபேஷ்வரில் படிப்பை முடித்துச் சொந்த ஊர்ப் பக்கம் திரும்பியவர், உஃப்ரேன்கால் பள்ளியில் ஆசிரியரானார்.

அவர் திரும்பிய நேரத்தில் தூதாதோளி காட்டில் மரம் வெட்டும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. பாரதி ஊர் ஊராக நடந்தார். மரம் போனால் மண் போகும், மண் போனால் தண்ணீர் போகும் என்று மக்களிடம் எடுத்துச் சொன்னார். மக்கள் திரண்டார்கள். வெட்டு நின்றது.

பெரும்பாலான போராட்டக் கதைகள் இந்த இடத்தில் முடிந்துவிடும். உஃப்ரேன்காலில் கதை ஆரம்பித்ததே இங்கேதான். இருக்கிற மரத்தைக் காப்பாற்றியாயிற்று. ஏற்கெனவே மொட்டையாகிப்போன சரிவுகளை என்ன செய்வது?

வீட்டிலிருந்து வந்த விதை

கன்று வாங்கப் பணமில்லை. ஆசிரியரிடம் இருந்தது அவருடைய மாணவர்கள்தான்.

அந்த மலை வீடுகளில் வால்நட் புதிய பொருள் அல்ல. நம் நாட்டு மருந்துக் கடைகளில் 'அக்ரூட்' என்று கிடைக்கும் அதே கொட்டைதான். பிள்ளைகள் வீட்டிலிருந்தும் ஊரிலிருந்தும் வால்நட் விதைகளைச் சேகரித்துக்கொண்டு வந்தார்கள். நாற்றங்கால் உருவானது. விதை முளைத்துக் கன்றானது. கன்றுகளை விற்றுக் கிடைத்த பணம் அடுத்த வேலைக்கு உதவியது.

1980 முதல் சுற்றுச்சூழல் முகாம்கள் தொடங்கின. மாணவர்களும் ஊர்ப் பெண்களும் மண்வெட்டி எடுத்துக்கொண்டு மலைச்சரிவுக்குப் போய்க் குழி தோண்டிக் கன்று நட்டார்கள். கூலி கிடையாது. பெரிய நிறுவனத்தின் பணமும் கிடையாது. சில ஆண்டுகளில் இந்தக் கூட்டு முயற்சி 'தூதாதோளி லோக் விகாஸ் சன்ஸ்தான்' என்ற அமைப்பாக மாறியது.

எந்த மரம் என்பதுதான் கேள்வி

இமயமலையின் நடுத்தர உயரச் சரிவுகளில் 'சீர்' என்கிற பைன் மரம் நிறைய. அதுவும் அந்த மண்ணின் மரம்தான். ஆனால், பிரிட்டிஷ் காலம் தொட்டு பிசினுக்காகவும் மரத்துக்காகவும் பைனுக்கே ஊக்கம் தரப்பட்டதால், மற்ற மரங்கள் இருந்த இடங்களிலும் அது பரவிவிட்டது. பைனின் ஊசி இலைகள் கோடையில் சருகாகித் தரையில் மெத்தைபோலக் கிடக்கும். ஒரு பொறி போதும், மலையே பற்றிக்கொள்ளும். அந்த இலையை மாடும் தின்னாது.

'பாஞ்ச்' என்கிற ஓக் மரம் இதற்கு நேரெதிர். அதன் தழை மாட்டுக்குத் தீவனம். உதிரும் இலை மட்கி உரமாகும். அப்படி மட்கிய மண், பெய்யும் மழையைப் பஞ்சுபோல உறிஞ்சிவைத்து மெள்ள மெள்ள ஊற்றுக்கு விடும். பாஞ்ச் காடு இருக்கும் இடத்தில் ஊற்று வற்றாது என்பது மலை மக்களின் அனுபவம்.

எனவே பாஞ்ச், தேவதாரு, 'புராஞ்ச்', பிள்ளைகள் பறித்துத் தின்னும் 'காஃபல்' பழ மரம் என அந்த மலைக்கே உரிய மரங்கள்தான் சரிவுகளில் நடப்பட்டன. புராஞ்ச் என்பது வசந்த காலத்தில் ரத்தச் சிவப்பாகப் பூக்கும் மரம். உத்தராகண்டின் மாநில மரம் அதுதான். நீலகிரிச் சோலைகளின் ஓரத்தில் சிவந்து நிற்கும் காட்டுப் பூவரசு அதே இனத்தைச் சேர்ந்த சொந்தக்கார மரம்.

வேகமாக வளரும் ஏதோ ஒரு மரத்தை நட்டிருந்தால் நாலு வருடத்தில் பச்சையாகத் தெரிந்திருக்கும். பாஞ்ச் அப்படியல்ல. நின்று நிதானமாக வளரும். நட்ட பிள்ளை வளர்ந்து ஆளாகும்வரை காத்திருக்க வேண்டும்.

கன்றுகள் காய்ந்த வருடம்

1987-ல் கடும் வறட்சி. நட்ட கன்றுகள் கண்ணெதிரே காய ஆரம்பித்தன. ஆசையாகக் குழி தோண்டிய கைகளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

குடம் குடமாகச் சுமந்து ஊற்றவும் வழியில்லை. வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவருவதே அங்கே பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் பெரும்பாடு. ஆண்களில் பலர் வேலை தேடிச் சமவெளி நகரங்களுக்குப் போய்விட, விறகு, தீவனம், தண்ணீர் என மூன்று சுமையும் பெண்கள் தலையில்தான்.

அப்போது கன்றுகளின் பக்கத்தில் சிறிய குழிகளை வெட்டிப் பார்த்தார்கள். சரிவில் ஓடிப்போகும் மழைநீர் அந்தக் குழியில் கொஞ்சம் தங்கியது. மண்ணுக்குள் இறங்கியது. பக்கத்துக் கன்றின் வேருக்கு ஈரம் கிடைத்தது. கன்று பிழைத்தது.

இதற்கான விடை ஊரின் பெயரிலேயே ஒளிந்திருந்தது. கட்வாலி மொழியில் 'கால்' என்றால் மலைமேல் மழைநீர் தேங்கும் குளம். அதைவிடச் சின்னது 'சால்'. உஃப்ரேன்கால் மாதிரி 'கால்' என்று முடியும் ஊர்ப்பெயர்கள் அந்த மலைகளில் ஏராளம். முன்னோர் வெட்டிவைத்த குளங்கள் தூர்ந்துபோய், பெயர் மட்டும் மிச்சமிருந்தது. அந்தப் பழைய முறை மறுபடி உயிர்பெற்றது. சரிவுகளில் மேலிருந்து கீழாக அடுத்தடுத்துச் சின்னச் சின்ன 'சால்'கள் வெட்டப்பட்டன. கரையில் புல் நடப்பட்டது. 'பாணி ராகோ', அதாவது 'தண்ணீரைக் காப்போம்' என்று அதற்குப் பெயர் வந்தது.

வாசலில் சாய்ந்திருக்கும் கோல்

தண்ணீர் கிடைத்தாயிற்று. ஆடு, மாடு, கோடரி இவற்றிடமிருந்து கன்றுகளைக் காப்பது யார்?

இதற்குப் பெண்கள் கண்ட வழி அழகானது. சலங்கை கட்டிய ஒரு கோல். அதன் பெயர் 'கங்கர்'. இன்று காட்டுக்குக் காவல் போகிறவர் கையில் அது இருக்கும். நடக்க நடக்கச் சலங்கை ஒலிக்கும். காவல் இருக்கிறது என்று காட்டுக்குள் இருப்பவர்களுக்குத் தெரியும். சாயங்காலம் திரும்பியதும் பக்கத்து வீட்டு வாசலில் அந்தக் கோலைச் சாய்த்துவைத்துவிடுவார். நாளைக் காலை அந்த வீட்டுக்காரரின் முறை.

நோட்டீஸ் இல்லை, கூட்டம் இல்லை. வாசலில் கோல் இருந்தால் உன் முறை. அவ்வளவுதான். 130-க்கும் மேற்பட்ட கிராமங்களுக்கு இந்த இயக்கம் பரவியது. 'மகிளா மங்கள் தள்' எனும் ஊர்ப் பெண்கள் குழுக்கள்தான் இதன் முதுகெலும்பு.

பெயர் மாறிய ஓடை

பாரதியின் சொந்த ஊர் காட்கரக். அங்கே ஓர் ஓடை இருந்தது. மழை பெய்தால் வெள்ளம், மற்ற நாளில் வெறும் கல். அதனால் அதற்கு 'சூக்கா ரௌலா' என்று பெயர். காய்ந்த ஓடை என்று அர்த்தம். அதற்கு மேலே இருந்த சரிவுகளில் மரமும் 'சால்'களும் பெருகப் பெருக, ஓடையில் தண்ணீர் தங்கும் நாள்களும் கூடிக்கொண்டே வந்தன. ஒரு கட்டத்தில் அது வற்றாமல் ஓட ஆரம்பித்தது. இனி அதைக் காய்ந்த ஓடை என்று எப்படிக் கூப்பிடுவது? ஊர் மக்கள் 'காட்கங்கா' என்று புதுப்பெயர் வைத்தார்கள்.

2011-ல் மத்தியப் பிரதேச அரசின் மகாத்மா காந்தி விருது இந்தப் பணிக்குக் கிடைத்தது. 2021 ஜூனில் பிரதமர் தன் 'மன் கி பாத்' வானொலி உரையில் பாரதியைக் குறிப்பிட்டபோது, அங்கே வெட்டப்பட்ட நீர்க்குழிகள் 30,000-க்கும் மேல் என்றார்.

அன்று வால்நட் கொண்டுவந்த பிள்ளைகள் இன்று 50 வயதைத் தாண்டியவர்கள். அவர்கள் நட்ட பாஞ்ச் மரங்களின் தழையை அவர்களின் பேரப்பிள்ளைகள் வீட்டு மாடுகள் தின்னும்.

நம் வீட்டுப் பிள்ளைக்கு...

இந்த ஜூனிலும் உங்கள் பிள்ளை கையில் ஒரு கன்றோடு பள்ளி மைதானத்தில் நிற்கலாம். போட்டோவை ஸ்டேட்டஸில் வைப்பதற்கு முன்னால் நாலு கேள்விகளைப் பிள்ளையோடு சேர்ந்து கேட்டுப் பாருங்கள்.

இந்தக் கன்றின் பெயர் என்ன? இது நம் ஊர் மண்ணில் தானாக வளரும் மரமா? வருகிற ஏப்ரலில், பள்ளிக்கு லீவு விட்டபிறகு, இதற்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? ஊற்றப்போவது யார்?

நாலாவது கேள்விக்கு ஒரு பெயர் கிடைக்காவிட்டால், கன்று வைக்கும் முன் வகுப்பில் ஒரு பட்டியல் போட்டுவிடலாம். திங்கள் ஒரு பிள்ளை, செவ்வாய் ஒரு பிள்ளை. லீவு நாளில் பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை. கன்றுக்கு அருகே மழைநீர் தேங்க ஒரு சின்னக் குழி.

அந்தப் பட்டியலைத் தாளில் எழுதி ஒட்டலாம். இல்லையென்றால், ஒரு குச்சியில் நாலு சலங்கையைக் கட்டி, இன்றைக்குத் தண்ணீர் ஊற்றிய பிள்ளை நாளைக்கு ஊற்றப்போகும் பிள்ளையின் பெஞ்சில் வைத்துவிட்டுப் போகலாம்.