ஆடி மாதத்து வேலை

போன பங்குனியில் ஒரு பெண் கூப்பிட்டார். 2014இல் அவர் கல்யாணத்தை எடுத்தது நான். "அண்ணா, அப்பா தவறிட்டாங்க. மாலை போட்டு வைக்க ஒரு படம் வேணும். எங்க கல்யாணத்துல அவர் தனியா நிக்கிற மாதிரி ஏதாவது இருக்குமா?"

நம் தொழிலில் உள்ள எல்லோருக்கும் இந்த அழைப்பு வரும். பட்டு வேட்டி கட்டி, முகம் மலர்ந்து, நல்ல வெளிச்சத்தில் ஒரு தகப்பன் நிற்கிற நாள் பெரும்பாலும் மகள் கல்யாண நாள்தான். ஆல்பத்தில் அவர் இருந்தார், தாரை வார்க்கிற படத்தில், ஹோமப் புகையில் பாதி முகம் மறைந்து. தனியாக நிற்பது ஆல்பத்துக்குத் தேர்வாகாத ரா ஃபைல்களில்தான் கிடைக்கும். அந்த வருடத்து டிஸ்க்கைச் செருகினேன். டிக், டிக், டிக் என்றது. பிறகு சத்தமே இல்லை. அந்த வருடத்துக்கு என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

அடி தாங்கும், தண்ணீர் தாங்கும் என்று உறை போட்ட டிஸ்க் அது. விலை அதிகம் கொடுத்து, ஆசையாக வாங்கியது. அந்தப் பணத்துக்குச் சாதாரண டிஸ்க் இரண்டு வந்திருக்கும். இந்த இதழில் உங்களிடம் கேட்டுக்கொள்வது இதைத்தான்: உயர்ந்த டிஸ்க் ஒன்றுக்குச் செலவழிக்கும் காசில் சாதாரண டிஸ்க் இரண்டு வாங்குங்கள், முடிந்தால் மூன்று. எந்த டிஸ்க்கும் ஒருநாள் நிற்கும். வாரண்டி புது டிஸ்க் தரும், உள்ளே இருந்த படத்தைத் தராது.

எவ்வளவு இடம் வேண்டும்? வரவேற்பு, முகூர்த்தம் இரண்டுக்கும் சேர்த்து ஐயாயிரம் ரா ஃபைல், ஒன்று 30 எம்.பி. என்றால் 150 ஜி.பி. ஆகிறது. வீடியோ 100 எம்.பி.பி.எஸ். வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. தின்னும், இரண்டு கேமராவில் நான்கு நான்கு மணி நேரம் என்றால் 360. ஒரு கல்யாணத்துக்கு அரை டெராபைட் போய்விடுகிறது, அதில் எழுபது சதவீதம் வீடியோ. வருடம் நாற்பது கல்யாணம் எடுப்பவர் எல்லாவற்றையும் மூன்று பிரதி வைக்க நினைத்தால் 60 டெராபைட் வேண்டும், கட்டுப்படியாகாது. படத்தை மட்டும் என்றால் 18 போதும். வீடியோவின் மூல கிளிப்புகளை டெலிவரி முடிந்து ஆறு மாதம் கழித்து அழித்துவிடலாம் என்பது என் முடிவு. முடித்த படமும் ரா ஃபைல்களும் இருக்கட்டும். தேர்வாகாத ரா ஃபைல்களை அழிக்கச் சொல்லி யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அந்த அப்பா அங்கேதான் நிற்கிறார்.

இனி எந்த டிஸ்க் என்பது. எடிட்டிங்குக்கு எஸ்.எஸ்.டி. வைத்துக்கொள்ளுங்கள், அலமாரியில் பூட்டி வைக்க வேண்டாம். டெராபைட் கணக்கில் அது பல மடங்கு விலை என்பது ஒரு காரணம். மின்சாரம் இல்லாமல் நெடுநாள் கிடந்தால் அதன் சேமிப்பு மெல்லக் கசியும், வெப்பம் கூடினால் வேகமாகக் கசியும் என்பது அதைவிடப் பெரிய காரணம். எழுதி எழுதித் தேய்ந்துபோன சாதாரண எஸ்.எஸ்.டி. மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஓராண்டு தாங்கினால் போதும் என்பதே ஜெடெக் அமைப்பின் தர அளவு. புதியது அதைவிட அதிக நாள் தாங்கும்தான். ஆனால் மே மாதம் மதுரையில் பூட்டிய அறை 30 டிகிரியிலா இருக்கிறது?

ஆக, சுழலும் ஹார்ட் டிஸ்க்தான். பையில் போடுகிற சின்ன போர்ட்டபிள் டிஸ்க்கைவிட, தனி அடாப்டரோடு மேசையில் வைக்கும் 3.5 அங்குல டிஸ்க் 8 டெராபைட்டுக்கு மேல் போனால் பெரும்பாலும் மலிவு. ஊர் ஊராகத் தூக்கிப் போக முடியாது என்பதால் கீழே விழுவதும் குறைவு. போர்ட்டபிளில் கவனிக்க ஒன்று உண்டு: சிலவற்றில் யு.எஸ்.பி. முனை சர்க்யூட் போர்டோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கும். அது உடைந்தால் டிஸ்க்கைக் கழற்றி வேறு பெட்டியில் போட வழியில்லை.

எஸ்.எம்.ஆர். என்ற சொல்லையும் தெரிந்துகொள்ளுங்கள். கூரைக்கு ஓடு வேய்வதுபோல ஒரு தடத்தின் ஓரத்தில் அடுத்த தடம் ஏறி அமர்கிற முறை அது. அதனால் அதே தகட்டில் அதிகம் பிடிக்கும், விலையும் குறையும். ஒரு ஓட்டை மாற்றப் பக்கத்து ஓடுகளையும் தூக்க வேண்டியிருப்பதுபோல, பழைய இடத்தில் திரும்ப எழுதும்போது டிஸ்க் திணறும். ஒருமுறை எழுதி மூடி வைக்கும் ஆர்கைவுக்கு இதனால் கேடில்லை, தாராளமாக வாங்கலாம். நெட்வொர்க்கில் இணைத்துத் திரும்பத் திரும்ப எழுதும் நாஸ் பெட்டிக்குள் போடுவதென்றால், தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சி.எம்.ஆர். கேட்டு வாங்குங்கள். நாஸுக்கென்றே விற்ற 'ரெட்' டிஸ்க்குகளில் 2 முதல் 6 டெராபைட் வரையிலானவற்றில் எஸ்.எம்.ஆர். இருந்ததை வெஸ்டர்ன் டிஜிட்டல் 2020இல்தான் வெளியே சொன்னது.

ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்கு '16 டெராபைட் எஸ்.எஸ்.டி.' வந்தால் தொடாதீர்கள். பிரித்தால் ஒரு மெமரி கார்டு இருக்கும். ஃபைல் பெயர்கள் வரிசையாகத் தெரியும், திறந்தால் படம் வராது. புது டிஸ்க் என்று வாங்கியதையும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் ஒருமுறை பாருங்கள், ஓடிய மணிக்கணக்கு அதில் வரும். பிறகு எச்2டெஸ்ட்டபிள்யூ போட்டு முழுக் கொள்ளளவையும் எழுதிப் படிக்க வைத்த பிறகே கல்யாணத்தை ஏற்றுங்கள்.

இரண்டு டிஸ்க்கையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்காமல், கம்பெனியாவது மாதமாவது மாற்றி வாங்குவது நல்லது. மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில் என்ற விதியைப் பரப்பிய பீட்டர் குரோகும் நம்மைப் போல ஒரு புகைப்படக்காரர்தான். இதில் வேறு இடம் என்பதைத்தான் நாம் தட்டிக்கழிக்கிறோம். 2015 டிசம்பரில் சென்னையில், 2023 டிசம்பரில் தூத்துக்குடிப் பக்கம் தண்ணீர் ஏறியதை நினைத்துப் பாருங்கள். தரைத்தள ஸ்டுடியோவின் ஒரே பீரோவில் இருக்கும் மூன்று பிரதியும் சேர்ந்தே நனையும். ஒன்றை அண்ணன் வீட்டில், மாமியார் வீட்டில், எங்கேயாவது வேறு ஊரில் வையுங்கள்.

இந்தச் செலவைக் கொட்டேஷனில் தனி வரியாகப் போடுங்கள், எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள் என்பதையும் எழுதிக் கொடுங்கள். ஆல்பத்துக்குப் பேரம் பேசுகிறவர்கள் இதற்குப் பேசியதில்லை என்பது ஒரு வருட அனுபவம்.

ஆடியில் முகூர்த்தம் இல்லை. அந்த மாதத்தை டிஸ்க்குகளுக்குக் கொடுத்துவிட்டேன். சிலிக்கா ஜெல் போட்ட டப்பாக்களிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றையும் செருகி, செக்சம் ஒப்பிட்டு முழுவதும் படிக்க விடுகிறேன். நாலு டெராபைட்டுக்கு ஒன்பது, பத்து மணி நேரம் ஆகும். இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். உறையின் மேல் பென்சிலால் தேதி எழுதுகிறேன். இந்த ஆடியில் 2016 டிஸ்க்கில் இரண்டு ஃபோல்டர் திறக்கவில்லை. கரூரில் அண்ணன் வீட்டிலிருந்த பிரதியில் இரண்டும் இருந்தன.