முழங்காலே எஞ்சினா?

திருவண்ணாமலைத் தேரடி வீதியில் சுமையேற்றிச் சைக்கிள் மிதிக்கும் தொழிலாளிக்கு முழங்கால்தான் எஞ்சின்! அந்தச் சைக்கிளில் அவனே ஒரு சிறு எஞ்சினைப் பூட்டினால் ஏளனம் செய்வோர் உண்டு. அவர்களைக் கேட்கிறோம்: 1946இல் ஜப்பானில் ஹோண்டா தொடங்கியது எப்படி? இராணுவம் கழித்த ஒயர்லெஸ் ஜெனரேட்டரின் எஞ்சினைச் சைக்கிளில் பூட்டித்தானே!

இவ்வூர் மாணவி வினிஷா உமாசங்கர், சைக்கிளோடு சூரியத் தகடு இணைத்து, கரி வேண்டாத இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். 2021இல் கிளாஸ்கோவில் உலகத் தலைவர்கள் முன் பேசினார்.

25 சி.சி.க்கு மேற்படாத எஞ்சின் பூட்டிய இருசக்கர வண்டியை, 1988ஆம் ஆண்டுச் சட்டம் மோட்டார் வாகனமாகக் கொள்வதில்லை. ஆனால், கால்வேகத்துக்குச் செய்த பிரேக் எஞ்சின் வேகத்தைத் தாங்குமா? தவறினால் போவது தொழிலாளியின் உயிரல்லவா?

ஆகவே, அரசினர் ஐ.டி.ஐ. பட்டறைகளை மாலைவேளையில் தொழிலாளிக்குத் திறந்துவிடுக! சலுகையல்ல, தோழர்களே, கருவி கேட்கிறோம்!