திராவகத்தின் முன் மூன்று உலோகங்கள்

பொட்டாசியம், சோடியம், கால்சியம் என்று தொடங்கிப் பொன்னில் முடியும் உலோகங்களின் வினைபடுதிறன் வரிசையை நம் மாணாக்கர் மூச்சு விடாமல் ஒப்பித்து மதிப்பெண் பெற்றுவிடுகிறார்கள் என்றாலும், அவ்வரிசை தம் கண்ணெதிரே கூரையாகவும் குழாயாகவும் நிற்பதை அவர்களுக்கு எடுத்துக்காட்டுவார் அரிதாகிவிட்டனரே என்பது என் நெடுநாளைய விசாரம்.

புதுச்சேரி மேட்டுப்பாளையத்துப் பிள்ளைகளுக்கோ தொழிற்பேட்டை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கொட்டகைகளுக்கு வேயும் ஜி.ஐ. தகடு, துருவை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் திராவகத்தில் போக்கி, ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸில் உருகி நிற்கும் துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்பேயாகும். உப்பங்காற்று வீசும் இவ்வூரில் மேற்பூச்சில் கீறல் விழுந்தாலும், இரும்பினும் வினைபடுதிறன் மிக்க துத்தநாகம் தானே முதலில் அரிபட்டு இரும்பைக் காத்து நிற்கிறது. துய்ப்ளே இங்கே கவர்னராகப் பதவியேற்ற அதே 1742-இல் இரும்பின்மேல் துத்தநாகம் பூசும் முறையைப் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்துக்கு விவரித்தவர் மலுவேன். 1837-இல் அதற்குக் காப்புரிமை பெற்றவர் சோரேல். இருவரும் பிரெஞ்சுக்காரர் என்பதைப் புதுச்சேரிப் பிள்ளைகள் அறிந்திருப்பது நன்று.

அவ்வினைபடுதிறன் வரிசையை மெய்ப்பிக்க மூன்று சோதனைக் குழாய்கள் போதும். ஆசிரியர் முன்னின்று, நீரில் திராவகத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து (திராவகத்தில் நீரை ஊற்றுவது ஆபத்து) நீர்க்கச் செய்து, ஒன்றில் துத்தநாகத் துண்டையும், ஒன்றில் இரும்பாணியையும், ஒன்றில் செம்புக் கம்பியையும் இடட்டும். துத்தநாகம் நுரைத்துப் பொங்கும். குழாய் கைக்குச் சூடேறும். எரியும் குச்சியை வாயருகே காட்டினால் ஹைட்ரஜன் ‘டப்’பென்று வெடிக்கும். ஆணியில் குமிழிகள் சோம்பலாய் ஏறி, திரவம் மெல்ல இளம்பச்சையாகும். வரிசையில் ஹைட்ரஜனுக்குக் கீழே நிற்கும் செம்போ அசையாது கிடக்கும்.

ஆயினும் செம்பை முற்றும் நம்பலாகாது. புளியின் அமிலத்தால் தனித்து ஆகாததைக் காற்றிலுள்ள பிராணவாயு துணைநின்று முடித்துவைக்க, பாத்திரத்தில் களிம்பேறுகிறது. அதனால்தான் நம் பாட்டிமார் செம்பு கலந்த பித்தளையில் ஈயம் பூசாமல் புளிக்குழம்பைக் கொதிக்க விட்டதில்லை. வினைபடுதிறன் வரிசையின் பெயரையே அறியாத அவர்கள் அதன் பயனைக் கைப்பழக்கமாகப் பெற்றிருந்தார்கள்.

ஆதலால் பள்ளிகள் ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணாக்கரைத் துத்தநாகம் பூசும் பட்டறை ஒன்றுக்கு அழைத்துச் செல்ல வேண்டுமென வற்புறுத்துகிறேன். அங்கே தொட்டிக்கு எட்ட நின்று, திராவகத்திலிருந்து தூக்கிய கம்பி வெளிறிய சாம்பல் நிறமாய் வருவதை அவர்கள் பார்க்கட்டும். வீணான திராவகத்தைச் சுண்ணாம்பிட்டு முறித்தபின்பே வெளியேற்ற வேண்டுமென்பதையும் அங்கேயே கேட்டறியட்டும்.