வாசலுக்கு எந்த விளக்கு?



வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். புதுவீட்டுக்குப் பூச்சு முடிந்து, பால்காய்ச்சுக்கு நாளும் குறித்தாயிற்று. உள்ளறை விளக்குகளெல்லாம் வாங்கியாகிவிட்டது. முன்வாசலுக்கு மட்டும் வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. இருபது வாட்ஸ் ஃபிளட் லைட் ஒன்றைப் போட்டால் தெருமுனை வரை பட்டப்பகலாக இருக்கும் என்கிறார் எலக்ட்ரீஷியன். மருமகளுக்கோ பித்தளைக் கூண்டு விளக்குதான் பிடித்திருக்கிறது. “நீங்கள் ஒரு வழி சொல்லுங்கள்” என்று கேட்டிருக்கிறார். வீடு கட்டும் பலருக்கும் இந்தக் கேள்வி இருக்கும் என்பதால் இந்தப் பக்கத்தையே அதற்கு எடுத்துக்கொள்கிறேன்.

வாசல் விளக்கை வாங்குமுன் ஊரின் காற்றையும் மழையையும் நினைக்க வேண்டும். வாசுதேவநல்லூருக்கு மேற்கே நிற்பது மலை. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து வரும் காற்றுதான் தென்காசிச் சீமையில் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அந்தக் காற்றோடு சாரலும் சேர்ந்தால் தண்ணீர் மேலிருந்து விழாது, பக்கவாட்டில் அடிக்கும். எனவே பெட்டியில் ‘ஐபி’ என்று போட்டு இரண்டு இலக்கம் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐபி 20 என்றால் அது வீட்டுக்குள் மாட்ட வேண்டியது. போர்டிகோ ஆழமாக இருந்து கூரை நன்றாக மறைத்தால் ஐபி 44 போதும். சன்ஷேடு மட்டும்தான் என்றால் ஐபி 65-க்குக் குறைந்து வாங்க வேண்டாம். தொங்கும் விளக்கு அந்தக் காற்றுக்கு ஆகாது. சுவரோடு ஒட்டியதே நல்லது.

பித்தளைக் கூண்டு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஐப்பசியில் முதல் மழை விட்டதும் ஈசல் கிளம்புமே, அப்போது அந்தக் கூண்டின் கதி என்ன? இரவெல்லாம் விழுந்த இறக்கைகளைக் காலையில் யார் வழித்துப் போடுவது? கண்ணாடியோ பாலிகார்பனேட்டோ போட்டு முழுக்க மூடியதாக, அதே சாயலில் ஒன்று கிடைத்தால் மருமகளின் ஆசையும் நிறைவேறும்.

பூச்சி விஷயத்தில் வெளிச்சத்தின் நிறம் பெரிய வேலை செய்கிறது. நீலம் கலந்த பளிச்சென்ற வெள்ளைக்குப் பூச்சிகள் அதிகம் வரும். 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான மஞ்சள் வெளிச்சத்துக்குக் குறையும், அடியோடு நின்றுவிடாது. பூச்சி ஏன் விளக்கைச் சுற்றுகிறது என்பதற்கு 2024-ல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. பறக்கும் பூச்சி, வெளிச்சம் இருக்கும் பக்கமே வானம் என்று எடுத்துக்கொண்டு முதுகை அதன் பக்கம் திருப்பிக்கொள்கிறதாம். விளக்கை வானமென்று நம்பி, விலக முடியாமல் வட்டமடிக்கிறது. எனக்கு அதைப் படித்தபின் விளக்கடியில் சுற்றும் விட்டிலைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. பூச்சிக்குப் பல்லி வரும், தவளை வரும். தவளையைத் தேடி எது வரும் என்று மலையடிவாரத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது, எத்தனை வாட்ஸ்? 1944-ல் பாபநாசம் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியபின் நெல்லைப் பக்கத்து ஊர்களுக்கு மெல்ல மெல்ல மின்சாரம் வந்தது. அதற்கு முன் வாசலில் மாடக்குழி அகல்தான். பிறகு வெகுகாலம் நாற்பது வாட்ஸ் குண்டு பல்பு ஒன்று எரிந்தது. வந்தவர் முகமும் தெரிந்தது, படியும் தெரிந்தது. அந்த வெளிச்சத்தை இன்று ஐந்து வாட்ஸ் எல்.இ.டி. தந்துவிடும். இரவு பன்னிரண்டு மணி நேரம் எரித்தாலும் இரண்டு மாதத்துக்கு மூன்றரை யூனிட் சொச்சம்தான் ஆகும். இருபது வாட்ஸ் என்றால் பதினான்கரை யூனிட்.

செலவை விடுங்கள், ஃபிளட் லைட்டை நான் வேண்டாம் என்பது கண்ணுக்காக. தெருவின் இருட்டிலிருந்து வருகிற வயதானவர் அதை நேரே பார்த்தால் கண் கூசி, காலடியில் இருக்கிற படி மறைந்துவிடும். நடுநிசியில் பஸ் இறங்கி வரும் பிள்ளைக்குப் பூட்டுத் துவாரம் தெரிய வேண்டும். எதிர்வீட்டுக்காரர் திண்ணையில் படுக்கவும் முடிய வேண்டும். கோயிலைச் சுற்றிய தெருக்களைப் போலக் குறுகிய தெருவென்றால் நம் விளக்கு அடுத்தவர் ஜன்னலுக்குள்தான் போய் விழும்.

என் யோசனை இது. ஒரே விளக்குக்குப் பதில் வாசலின் இரு பக்கமும் மூன்று வாட்ஸில் ஒவ்வொன்று, தலைக்குச் சற்று மேலே, பால்நிற மூடியோடு மாட்டுங்கள். கதவைத் திறப்பவருக்கு வந்தவரின் முகம் நிழலில்லாமல் தெரியும். விடியுமுன் கோலம் போடுகிறவருக்கு இது இன்னும் முக்கியம். நிலைக்கு மேலே ஒற்றை விளக்கு இருந்தால், வீட்டுக்கு முதுகு காட்டிக் குனிந்தவுடன் அவர் நிழலே புள்ளியின் மேல் விழும். மார்கழி முழுக்க அந்த நிழலோடு மல்லுக்கட்ட வேண்டும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இருந்தால் ஒன்றின் நிழலை மற்றது கரைத்துவிடும்.

ஆள் நடமாட்டம் கண்டு எரியும் சென்சார் விளக்கு கொல்லைப்புறத்துக்கு நல்லது. முன்வாசலில் தெருவில் போகிற ஆடு மாட்டுக்கெல்லாம் எரிந்து அணைந்துகொண்டிருக்கும். பொழுது சாய்ந்ததும் தானே எரிந்து விடிந்ததும் அணைகிற வகை, ஊருக்குப் போகும் நாட்களில் உதவும்.

ஒன்றை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். விளக்கின் உடல் உலோகம் என்றால் எர்த் வயர் இல்லாமல் மாட்டக் கூடாது. சாரலில் நனைந்த சுவரும் ஈரக்கையும் சேருகிற இடம் அது. வயர் விளக்குக்குள் கீழ்ப்பக்கமாக நுழையட்டும். மேலிருந்து நுழைந்தால் மழைத்தண்ணீர் அதன் வழியே உள்ளே இறங்கும்.

சுவரைத் துளைக்குமுன் ஓர் இரவு ஹோல்டரோடு நீள வயரில் பல்பை மாட்டி, விளக்கு வரவேண்டிய இடத்தில் மகனைப் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் தெருவில் நின்று பாருங்கள், மருமகளைக் கோலமிடும் இடத்தில் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். கண் கூசினால் ஒரு சாண் மேலோ கீழோ நகர்த்தி, சரியான இடத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பால்காய்ச்சுக்கு எங்கள் எல்லோருடைய வாழ்த்தும்.

அன்புடன்,
ஆசிரியர்