மரபுப் பிணியும் மறைக்கும் வழக்கமும்

வந்த பிணியெல்லாம் விதியின் பயனெனக் கூறி வாளாவிருப்போர் நம் நாட்டில் மிகப் பலர். முதிய ஆடவரைப் பற்றும் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோயைக் குறித்து இவ்வெண்ணம் இன்னும் வலுவாக நிலவுகின்றது. அது பொருந்தாதென்பதே எமது கருத்து.

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலைக் கண்ணுற்றோர்க்கு இந்நோயின் காரணம் எளிதில் விளங்கும். அச்சிலேயே பழுதிருப்பின், அதில் வார்க்கும் பொம்மைகளெல்லாம் அப்பழுதைத் தாங்கும். அச்சு செவ்விதாயிருந்தும் சூளையில் ஒரு பொம்மை மட்டும் வெடித்தலும் உண்டு. மரபணு மாறுதல்களும் இவ்விரு வகையின.

1995-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட பி.ஆர்.சி.ஏ.2 என்னும் மரபணு, உயிரணுவில் முறிந்த மரபிழையைச் செப்பனிடுவது. அது பழுதுற்றுப் பிறப்போரிடம் பிழைகள் பெருகிப் புற்றாக மாறுதல் கூடும். இஃது அச்சின் பழுது. தந்தை வழியே யன்றித் தாய் வழியாகவும் வரும். 2005-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்து அருள் சின்னையன் குழுவினர் மற்றொன்றைக் கண்டனர். ஆண் ஹார்மோனுக்குக் கட்டுப்பட்ட மரபணு ஒன்று, வளர்ச்சியைத் தூண்டும் மரபணுவோடு பிணைந்துவிடுகின்றது. பின்னர் அந்த ஹார்மோனே புற்றின் வளர்ச்சிக்குத் துணையாகின்றது. இது சூளையின் வெடிப்பு, மகனுக்குச் செல்வதன்று.

"அச்சே பழுதாயின் அறிந்து பயனென்ன?" எனச் சிலர் வினவலாம். பயன் பெரிதே. நோய் உடலெங்கும் பரவிய 692 ஆடவரை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்ட முடிவின்படி, 82 பேர் மரபிழையைச் செப்பனிடும் மரபணுக்களில் பிறவிப் பழுதுடையவர். இத்தகையோருட் சிலர்க்கு உதவும் ஒலாபரிப் என்னும் மருந்துக்கு 2020-இல் அமெரிக்க அரசு இசைவளித்தது. அவர்தம் உடன்பிறந்தாரும் மக்களும் முன்னரே சோதனை செய்துகொள்ளலாம்.

ஆயினும், நம் குடும்பங்களில் நடப்பது யாது? அத்தையின் மார்பகப் புற்றுநோயைத் திருமணப் பேச்சுக்கு அஞ்சி மறைக்கின்றோம். பாட்டனாரின் நோயை நாணத்தால் பெயரிட்டுக் கூறுவதில்லை. இந்நோயோ தொடக்கத்தில் குறியொன்றும் காட்டாதிருக்கக் கூடியது. குடும்ப வரலாறு மறைக்கப்படின், மருத்துவர்க்குக் கிடைக்கக்கூடிய முதல் எச்சரிக்கையே இல்லாதொழிகின்றது.

ஆதலின் மரபணுச் சோதனை அரசினர் மருத்துவமனைகளில் ஏழையர்க்கும் எட்டுமாறு செய்தல் வேண்டும். மாணவ நண்பர்களும் விடுமுறையில் இல்லஞ் சென்று, இரு வழி முன்னோரும் எந்நோயால், எவ்வயதில் மறைந்தனரெனக் கேட்டெழுதி வைப்பாராக. அவ்வொரு தாள் அவர்தம் தந்தையின் உயிரைக் காத்தலுங் கூடும்.