ஆமை இழைந்த தோட்டில்

திருவனந்தபுரத்தில் கண்ணம்மூலை பாலத்தில் நின்று மூக்கைப் பொத்தாமல் ஆமையிழஞ்சான் தோட்டைப் பார்க்க முடிவதில்லை. ஆமை இழைந்து, அதாவது ஊர்ந்து போன ஓடை என்று மலையாளத்தில் பொருள். ஆமையை நான் கண்டதில்லை. நாகர்கோவிலில் விலங்கியல் நடத்திய பழக்கத்தில், போன வாரம் ஒரு டீ வடிகட்டியால் ஓரச் சேற்றை அள்ளினேன். மகளுக்குக் கோபம், வடிகட்டி அவளுடையது.

வந்ததெல்லாம் ரத்தப்புழுக்கள். உடம்பில் ஹீமோகுளோபின் இருப்பதால் ஆக்சிஜன் குறைந்த சாக்கடையிலும் அவை பிழைக்கும். வாலில் மூன்று இழையோடு கல்லடியில் ஒட்டியிருக்கும் மேஃப்ளை இளம்பூச்சி ஒன்றுகூட இல்லை. அதற்குக் கரைந்த ஆக்சிஜன் தாராளமாக வேண்டும். ஆய்வக அறிக்கை அள்ளிய நேரத்துத் தண்ணீரைத்தான் சொல்லும். பூச்சியோ வாரக்கணக்கில் அங்கேயே வாழ்ந்து சாட்சி சொல்கிறது.

2024 ஜூலையில் தம்பானூர் ரயில் நிலையத்தை ஒட்டி இதே தோட்டில் குப்பை அள்ள இறங்கிய தொழிலாளி இறந்தார். உடல் மூன்றாம் நாள்தான் கிடைத்தது. அதன் பிறகும் எத்தனை லோடு அள்ளினோம் என்றே கணக்குச் சொல்கிறோம். கழிவுக் குழாய்களை அடைக்காமல் பிளாஸ்டிக்கை மட்டும் எடுத்தால் தண்ணீர் பார்க்கத் தெளியும், ரத்தப்புழு அப்படியே இருக்கும். தோடு போய்ச் சேரும் ஆக்குளம் காயல்வரை இடத்துக்கு இடம், பருவத்துக்கு ஒருமுறை, பூச்சிகளை எண்ணிப் பலகையில் எழுதி வைப்போம். தண்ணீரின் நிலை பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரிந்துவிடும். வடிகட்டி போதும், புதிதாக வாங்கியது.